ஐந்து ஏக்கர் செம்பனையை வெட்டிவிட்டு ஹெம்ப் போடலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா பெயரில் ஐந்து ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. மரங்களுக்கு வயதாகிவிட்டது, நீட்டுக் கம்பில் அரிவாள் கட்டினாலும் குலை எட்டுவதில்லை. மறுநடவு செய்தால் மூன்று வருஷத்துக்குக் கையில் காசு வராது. இந்த யோசனையில் இருக்கும்போது தாய்லாந்து வீடியோக்கள் சில கண்ணில் பட்டிருக்கின்றன. அவர் கேட்பது இதுதான்: "ஹெம்ப் நாலே மாதத்தில் அறுவடையாகுமாம், மருந்தடிக்க வேண்டாமாம், ஒரு ஏக்கர் ஹெம்ப் நாலு ஏக்கர் காட்டுக்குச் சமமாம். கஞ்சாவையும் ஹெம்பையும் சட்டபூர்வமாக்கினால் நாட்டுக்கு வரி, தோட்டத்து மக்களுக்கு வருமானம், பூமிக்கும் நல்லது என்கிறார்கள். செம்பனையை வெட்டிவிட்டு இதற்காகக் காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம், தம்பி. சட்டம் மாற வேண்டும் என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அப்படி நிற்பதற்கான வலுவான காரணத்தை உங்கள் அப்பாவின் நிலத்தில் தேடாதீர்கள். அது நீதிமன்ற வாசலிலும் சிறைக் கதவுக்குப் பின்னாலும் இருக்கிறது. நான் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக வேலை பார்த்து, பிறகு நாற்றுப் பண்ணைக்குப் போனவன். அதனால் நிலத்துக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் இன்றைய நிலைமை. ஹெம்ப், கஞ்சா இரண்டும் ஒரே செடி இனம். போதை தரும் டி.எச்.சி. என்ற பொருள் மிகக் குறைவாக இருக்கும்படி, நாருக்காகவும் விதைக்காகவும் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள்தான் ஹெம்ப். அமெரிக்கா 2018இல் கொண்டுவந்த விவசாயச் சட்டம், உலர்ந்த எடையில் 0.3 விழுக்காடு டி.எச்.சி.க்கு மேல் போகாத செடியை ஹெம்ப் என்று பிரித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இலிருந்து அதே 0.3 வரம்பை வைத்துக்கொண்டது. நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. பிசின் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எவ்வளவு வீரியம் என்று பார்க்க மாட்டார்கள். செடி நட்டால் 6பி பிரிவு: ஆயுள் சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. கையில் 200 கிராம் இருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானித்து, மரண தண்டனை வரை போகக்கூடிய 39பி பிரிவுக்குக் கொண்டுபோகலாம்.

உலகச் சட்டம் நம் கையைக் கட்டிவைத்திருக்கிறதா என்றால், இல்லை. 1961ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் 28ஆவது விதி, நார், விதை போன்ற தொழில் தேவைக்காக மட்டும் பயிரிடும் கஞ்சாச் செடிக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்ற வாக்கில், மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தும்விட்டது. முதல் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. ஆகவே ஹெம்பைப் பிரிக்க வேண்டும் என்று நம் நாடாளுமன்றம் நினைத்தால் நாளைக்கே செய்யலாம். செய்யாமல் இருப்பது அரசியல்.

சரி, செய்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் ஐந்து ஏக்கரில் என்ன நடக்கும்?

வீடியோவில் யாரும் சொல்லாத விஷயம் பகல் நேரம். இந்தச் செடி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூப்பது. கனடாவிலும் பிரான்சிலும் கோடையில் பகல் பதினைந்து, பதினாறு மணி நேரம் நீளும். அந்த நாட்களில் செடி பூக்காமல் உயர்ந்துகொண்டே போய் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். நாருக்கு வேண்டியது அந்த உயரமான தண்டுதான். பேராக்கில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஐரோப்பிய ரக விதையை இங்கே போட்டால், இடுப்பு உயரம் வருமுன்பே 'பருவம் வந்துவிட்டது' என்று நினைத்துப் பூத்துவிடக்கூடும். தண்டும் இல்லை, நாரும் இல்லை. தாய்லாந்துக்காரர்கள் இதை உணர்ந்துதான் சியாங் மாய் மலைப்பகுதியில் மொங் மக்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவந்த ஹெம்பிலிருந்து ஆர்.பி.எஃப்.1 முதல் ஆர்.பி.எஃப்.4 வரை தங்களுக்கென்று ரகங்களை உருவாக்கினார்கள். அதற்கே பல வருஷ ஆராய்ச்சி தேவைப்பட்டது. அவையும் மலைக் குளிருக்கும் நம்மைவிட வடக்கே உள்ள இடத்துக்கும் ஏற்றவை. கிந்தா பள்ளத்தாக்கு வெக்கைக்கு ஏற்ற ரகத்தை யாராவது முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையை அரசாங்க ஆராய்ச்சி நிலையம் செய்யட்டும். அப்பாவின் நிலம் சோதனைக்கூடமாக வேண்டாம்.

அடுத்தது மழை. ஹெம்ப் தண்டை அறுத்து வயலிலேயே பரப்பி, பனியும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, நாரை ஒட்டவைத்திருக்கும் பசை கொஞ்சம் இளகும்வரை ஊறவிடுவார்கள். நம் ஊரில் மூன்று மணிக்கு மேகம் கறுத்தால் நாலு மணிக்குக் கொட்டிவிடும். அந்த ஈரத்தில் நார் இளகுவதோடு நிற்காது, அழுகும். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கலாம்தான். அந்தக் கழிவுநீரை ஆற்றில் விட்டால் மீன் செத்து மிதக்கும். ஆலைகளின் கழிவுநீரோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது எண்ணெய்க் கணக்கு. சுமாரான செம்பனைத் தோட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 16, 17 டன் குலை கிடைக்கும். ஆலையில் அதிலிருந்து 20 விழுக்காடு எண்ணெய் இறங்கும், அதாவது மூன்று டன்னுக்கு மேல். ஹெம்ப் விதை கனடாவில் நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு ஒரு டன்னை ஒட்டி வருகிறது. அதில் எண்ணெய் 30 விழுக்காடு, அதாவது 300 கிலோ. நம் தட்பவெப்பத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுத்தாலும் ஒரு டன்னைத் தாண்டாது. ஹெம்ப் எண்ணெய்க்கு விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் அது சத்துணவுக் கடையில் சின்னப் புட்டியில் விற்கும் சரக்கு. அந்தச் சந்தை எவ்வளவு சிறியது என்று அமெரிக்க விவசாயிகளைக் கேளுங்கள். 2018 சட்டத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர், இந்தச் செடியில் இருக்கும் போதை தராத சி.பி.டி. என்ற பொருளின் எண்ணெய் ஆசையில் ஹெம்ப் போட்டார்கள். அமெரிக்க விவசாயத் துறைக் கணக்கில் அந்நாட்டு ஹெம்ப் விளைச்சலின் மதிப்பு 2021இல் 82.4 கோடி டாலர். அடுத்த ஆண்டே 23.8 கோடி. வாங்க ஆளில்லாமல் களஞ்சியத்தில் கிடந்து வீணானது நிறைய.

செம்பனைக்கு இருக்கும் பெரிய பலம் மரத்தில் மட்டும் இல்லை. வெட்டிய குலையை அன்றைக்கோ மறுநாளோ எடுத்துக்கொள்ள ஆலை இருக்கிறது, லோரி இருக்கிறது, இடையில் ஒரு வியாபாரி இருக்கிறார், விலையைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஐந்து ஏக்கர் என்பது இரண்டு ஹெக்டேர். நல்ல வயது மரத்தில் ஆண்டுக்கு முப்பது டன்னுக்கு மேல் வரும். டன் 800 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் செலவு கழிப்பதற்கு முன் இருபத்தைந்தாயிரம் வெள்ளியை ஒட்டி நிற்கும். பெரிய பணம் இல்லை, ஆனால் வரும். ஹெம்ப் தண்டு வைக்கோல்போல இடத்தை அடைக்கும், எடை நிற்காது. தூரம் கொண்டுபோனால் லோரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். நாரையும் உள் சக்கையையும் பிரிக்கிற இயந்திர ஆலை பக்கத்தில் இருந்தால்தான் கட்டுப்படியாகும். அந்த ஆலைக்குப் பல மில்லியன் முதல் வேண்டும். ஆலை வராமல் யாரும் பயிர் போட மாட்டார்கள், பயிர் இல்லாமல் யாரும் ஆலை வைக்க மாட்டார்கள்.

இது என் கற்பனைப் பயம் இல்லை, நம் நாட்டிலேயே நடந்த கதை. ஆசியான் வர்த்தகம் திறந்துவிடப்பட்டபோது கிளந்தான் புகையிலைக்காரர்கள் நிலைகுலைந்தார்கள். அவர்களுக்கு மாற்றுப் பயிர் என்று அரசாங்கம் கெனாஃபைக் காட்டியது. நாம் கடைந்து தின்கிற புளிச்சக்கீரைக்கு நெருங்கிய சொந்தமான நார்ச்செடி அது. புகையிலை வாரியமே 2010இல் தேசிய கெனாஃப், புகையிலை வாரியமாக மாறியது. மானியம் கொடுத்தார்கள், பதப்படுத்தும் நிலையம் வைத்தார்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்தன. கெனாஃபுக்கு எந்தப் போலீஸ் பயமும் கிடையாது, போதையும் கிடையாது. ஹெம்ப் நார் எதற்கெல்லாம் ஆகுமோ, காரின் கதவுக்கு உள்தகடு, பலகை, காகிதம், ஏறக்குறைய அத்தனைக்கும் இதுவும் ஆகும். இருந்தும் செம்பனையை அசைக்கும் பயிராக அது வளரவில்லை. கெனாஃபால் முடியாததை ஹெம்ப் சாதிக்கும் என்று சொல்பவரிடம், எப்படி என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

மருந்துக்கான கஞ்சா வேறு கதை, அதில் உண்மையான பணம் இருக்கிறது. கடுமையான குழந்தை வலிப்பு நோய்கள் இரண்டுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. அதற்கான செடியில் ஒரு பகுதி எங்கே வளர்ந்தது தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு சர்க்கரை நிறுவனம் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கூடத்தில். சர்க்கரை ஆலையின் மிச்ச வெப்பத்திலேயே ஓடுகிற கூடம். அதன் பரப்பு வெறும் 18 ஹெக்டேர். உலகச் சந்தைக்குப் போகும் மருந்துக்கே நிலம் இவ்வளவுதான் வேண்டும் என்றால், பேராக்கின் சிறுதோட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதில் எங்கே இடம்? கட்டுப்பாடான கூடம், ஆய்வகம், காவல், உரிமம் என்று போகும் தொழில் அது. பங்குச் சந்தையில் பெயர் இருக்கிற நிறுவனத்துக்கு ஏற்றது. நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைக்கலாம், ஆய்வகத்தில் கிடைத்தால் நல்ல வேலை. ஆனால் அது அப்பாவின் நிலத்துக்கான பதில் இல்லை.

மருந்து விஷயத்தில் நம் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு கதவு உண்டு. 2021 நவம்பரில் மூவார் நாடாளுமன்ற உறுப்பினர் சைட் சாடிக் கேட்டதற்கு அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் எழுத்துபூர்வமாகப் பதில் சொன்னார்: மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் முறையாகப் பதிவான கஞ்சா மருந்தை இறக்குமதி செய்யவும் மருத்துவர் வழியாகப் பயன்படுத்தவும் சட்டம் தடை போடவில்லை. கதவு இருப்பது வேறு, அது திறந்திருப்பது வேறு. வலிப்பில் துடிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அந்தப் பதிவு நடைமுறை எப்போது பயன்படும் என்பதுதான் கேள்வி. இதில் வேகம் காட்டச் சொல்லி மனு எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

இனி சுற்றுச்சூழல். 'ஒரு ஏக்கர் ஹெம்ப், நாலு ஏக்கர் காடு' என்ற வரிக்கு வயது நூறுக்கு மேல். அமெரிக்க விவசாயத் துறை 1916இல் வெளியிட்ட 404ஆம் எண் அறிக்கையில் இருந்து வருகிறது. காகிதக் கூழுக்காக 10,000 ஏக்கர் ஹெம்ப், 40,500 ஏக்கர் கூழ்மரக் காட்டுக்கு ஈடாகும் என்று அதில் கணக்குப் போட்டார்கள். அன்றைய அமெரிக்கக் காட்டு மரத்தோடு ஒப்பிட்ட கணக்கு அது. குளிர்நாட்டு மரம் வளரப் பல பத்தாண்டு ஆகும். நம் பக்கத்து அக்கேசியாவும் யூகலிப்டஸும் ஆறேழு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடுகின்றன. அதையும் விடுங்கள். நார் நம் ஆலைகளின் பின்பக்கம் மலைபோலக் கிடக்கிறது. ஆலைக்குப் போகும் ஒவ்வொரு நூறு டன் குலையிலும் பழம் உதிர்த்த வெறும் குலையாக 22, 23 டன் வெளியே வரும். அத்தனையும் நார். ஒரு பங்கு மண்ணுக்கு உரமாகப் போகிறது, ஒரு பங்கு அழுகி மீத்தேன் விடுகிறது. மறுநடவின்போது சாய்க்கும் மரத்தண்டுகள் தனி. கூழோ பலகையோ வேண்டுமென்றால் முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான். இதற்காகப் புதுச் செடி ஒன்றை நட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஹெம்பின் மேல் சொல்லும் மற்ற புகழ்ச்சிகளில் பாதி உண்மை. நாருக்காக நெருக்கமாக விதைத்தால் களையை நிழலிலேயே அடக்கிவிடும், களைக்கொல்லி குறையும். தோட்டத்தில் மருந்தடித்த பெண்களின் நகத்தையும் தோலையும் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பாராகுவாட் என்ற அந்த நஞ்சு நம் நாட்டில் முழுமையாகத் தடையானது 2020 ஜனவரியில்தான். பருத்தியோடு ஒப்பிட்டால் ஹெம்புக்குத் தண்ணீர் நிறையக் குறைவு, அதுவும் சரி. பஞ்சாபிலோ டெக்சாஸிலோ பருத்திக்குப் பதில் ஹெம்ப் என்றால் நான் கைதட்டுவேன். ஆனால் நாம் பருத்தி போடுவதே இல்லையே. நாம் எதைப் பிடுங்கிவிட்டு ஹெம்ப் போடப்போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் லாபமும் நட்டமும். செம்பனையைக் குறை சொல்ல நிறைய உண்டு. இருந்தாலும் ஒருமுறை நட்டால் இருபத்தைந்து வருஷம் அந்த மண்ணை யாரும் கிளறுவதில்லை. ஹெம்பை வருஷம் இரண்டு மூன்று முறை உழுது விதைக்க வேண்டும். சரிவான நிலத்தில், நம் மழையில், உழுத மண் எங்கே போகும்? நேராகச் சுங்கை பிளூஸ் ஆற்றுக்குத்தான்.

கரியமிலவாயுவை உறிஞ்சும் என்பதும் அப்படியே. உறிஞ்சியது கட்டடச் சுவரில் சுண்ணாம்போடு சேர்ந்து உறைந்தால் பல காலம் நிற்கும். ஐரோப்பாவில் அப்படி வீடு கட்டுகிறார்கள், நல்ல நுட்பம்தான். அதே தண்டு மட்கினாலோ எரிந்தாலோ உறிஞ்சியதெல்லாம் திரும்ப வானத்துக்கே போய்விடும்.

போதைக்கான கஞ்சா விஷயத்தில் சுற்றுச்சூழல் வாதம் தலைகீழாகவே ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கணக்கிட்டது: மூடிய கூடத்தில் விளக்குப் போட்டு வளர்க்கும் கஞ்சாப் பூவுக்கு, உலர்ந்த ஒரு கிலோவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமிலவாயுவுக்குச் சமமான வெளியேற்றம். விளக்கு, குளிரூட்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம், எல்லாம் மின்சாரம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும். நம் காற்றின் ஈரத்துக்கு அந்த இயந்திரங்கள் இன்னும் அதிகம் ஓட வேண்டும். வெளியே வெயிலில் வளர்த்தால் இந்தச் செலவு இல்லை. ஆனால் உரிமம் கொடுக்கும் அரசாங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத, பூட்டக்கூடிய கட்டடத்தைத்தான் விரும்பும்.

தாய்லாந்து என்ன ஆயிற்று என்று நீங்களே தேடிப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூன் 9ஆம் தேதி போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் அனுதின் பத்து லட்சம் செடி இலவசம் என்றார். கிராமத்து மக்களுக்கு அது விடிவாகும் என்பதுதான் பேச்சு. நடந்தது வேறு. நகரத்தில் கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன, விலை சரிந்தது, வெளிநாட்டுக் கள்ளச் சரக்கும் உள்ளே வந்தது. செடி வைத்த சின்ன விவசாயிக்குத்தான் அடி. 2025 ஜூனில் பூ வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்ப இறுக்கிவிட்டார்கள். கடன் வாங்கிக் கூடாரம் போட்டவர் கடனோடு நிற்கிறார். நீங்கள் பார்த்த வீடியோ எந்த ஆண்டில் எடுத்தது என்று ஒருமுறை கவனியுங்கள்.

வரி வருமானம் என்பது பொய்யில்லை. கொலராடோவில் கடை விற்பனை 2014இல் தொடங்கியது. 2021இல் மட்டும் 42 கோடி டாலருக்கு மேல் வரி வந்தது. பக்கத்து மாநிலங்களும் திறந்தபின் 2023இல் 27 கோடிக்கு இறங்கியது. முதலில் திறப்பவருக்குக் கிடைக்கும் பணம் அது, நிரந்தரம் என்று நம்பிச் செலவுத் திட்டம் போட முடியாது. அதோடு எனக்கு ஒரு பழைய தயக்கமும் உண்டு. போதையில் வரி வாங்கும் ஏற்பாட்டை மலாயாத் தோட்டங்கள் பார்த்திருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே சட்டபூர்வமான கள்ளுக்கடை இருந்தது. சம்பளம் கொடுக்கும் கை ஒன்று, அதைத் திரும்ப வாங்கும் கடை பக்கத்திலேயே. கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடையை மறித்ததும், 1947இல் அது போலீஸோடு மோதலில் முடிந்ததும் நம் வரலாறு. கள்ளு போன இடத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, அது இன்னும் மோசம். ஆகவே தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன், கடை திறந்தால் விடியும் என்றும் சொல்ல மாட்டேன். கடை வைத்தே தீர வேண்டுமென்றால் தோட்டத்து வாசலில் வேண்டாம், அவ்வளவுதான்.

அப்படியானால் சட்டம் மாற வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? பொருளாதாரம் என்றால் வரவு மட்டும் இல்லை, செலவும்தான். இன்றைய சட்டத்தின் செலவை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, ஏனென்றால் பாதியை நம் வீடுகள் கட்டுகின்றன.

ஒரு பையன் சின்னப் பொட்டலத்தோடு மாட்டுகிறான். 6ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 50 கிராமைத் தாண்டினால் குறைந்தது ஐந்து ஆண்டு, பத்துக்குக் குறையாத பிரம்படி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் வீட்டில் வழக்கறிஞருக்கும் ஜாமீனுக்கும் எங்கே போவது? அம்மாவின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும், அப்பா கந்துவட்டிக் கடனில் விழுவார். வெளியே வந்த பையனைத் தொழிற்சாலையும் எடுக்காது, பாதுகாவலர் வேலைக்கும் எடுக்காது. அவனை எடுத்துக்கொள்ள ஒரே ஒரு கூட்டம்தான் வாசலில் நிற்கும், அது குண்டர் கூட்டம் என்று சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஒரு தாவரத்தின் சில கிராமுக்காக ஒரு குடும்பம் இரண்டு தலைமுறை பின்னுக்குப் போகிறது. அரசாங்கமும் போலீஸ், வேதியியல் ஆய்வு, நீதிமன்றம், சிறைச் சோறு என்று செலவு செய்துகொண்டே இருக்கிறது.

மேல் முனையில் இன்னும் கொடுமை. அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி அந்த ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டில் தூக்குக்குக் காத்திருந்தவர்கள் 1,281 பேர். அவர்களில் 73 விழுக்காட்டினர் போதைப்பொருள் கடத்தல் வழக்கில் வந்தவர்கள். 2018 ஆகஸ்டில் கஞ்சா எண்ணெய் வழக்கில் ஓர் இளைஞருக்கு ஷா ஆலம் உயர்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தபோது, மருந்துக்காகக் கொடுத்தவருக்கா தூக்கு என்று நாடே கேட்டது. கட்டாய மரண தண்டனையை நீக்கிய சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் நீதிபதி நினைத்தால் உயிர் தப்பலாம். நல்ல மாற்றம். ஆனால் 200 கிராம் அனுமானம் அப்படியே நிற்கிறது. வைத்திருந்தவர் தான் கடத்தல்காரர் இல்லை என்று தானே நிரூபிக்க வேண்டும்.

ஆக நான் கேட்கும் மாற்றம் மூன்று, பணம் கொழிக்கும் திட்டம் எதுவும் அதில் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்றவழக்காக்காமல் சுகாதார விஷயமாகக் கையாள வேண்டும். பதிவான மருந்து ஏழைக்கும் எட்ட வேண்டும். 0.3 விழுக்காடு கோடு போட்டு ஹெம்பைப் பிரித்து, ஆராய்ச்சி நிலையங்களுக்கு முதலில் அனுமதி தர வேண்டும். மயக்கம் தரும் கெத்தும் இலையையும் இதே மேசையில் வைத்துப் பேசலாம். அது நம் மண்ணில் தானே வளர்கிற மரம், தாய்லாந்து 2021இல் அதை விடுவித்துவிட்டது, நாம் இன்னும் நச்சுப் பொருள் சட்டத்தில் வைத்துக்கொண்டு வடக்கே கெத்தும் தண்ணீர் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒருநாள் ஹெம்ப் உரிமம் வந்தால்? அப்போதும் முதல் கேள்வி நிலம் யாருடையது என்பதுதான். உங்கள் ஊர்க்காரர், மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது எதற்காக? வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, வேலைக்காரன் கையில் பங்கு இல்லாததால் தெருவுக்கு வந்தான். மாதம் பத்து வெள்ளி சேர்த்து 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். எந்தப் பயிர் வந்தாலும் பங்கு வைத்திருப்பவனுக்கே பலன், கூலிக்குப் போகிறவனுக்குக் கூலிதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பார்த்தோம். ஹெம்ப் மட்டும் விதிவிலக்காக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது. மறுநடவைத் தள்ளிப்போடாதீர்கள், வயதான மரம் வருஷா வருஷம் உங்களிடமிருந்து திருடுகிறது. கன்றை உரிமம் உள்ள நாற்றுப் பண்ணையில் மட்டும் வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் வரிசைக்கு இடையில் வெயில் விழும், அங்கே வாழையோ அன்னாசியோ சோளமோ போட்டால் கைச்செலவுக்கு ஆகும். அதற்கு வாங்குபவர் சந்தையிலேயே இருக்கிறார். இணையத்தில் 'ஹெம்ப் விதை, சட்டபூர்வமானது' என்று விற்பதை வாங்கவே வேண்டாம். அது அமெரிக்காவில் சட்டபூர்வம், உங்கள் வீட்டுத் தொட்டியில் முளைத்தால் 6பி. தாய்லாந்தின் ஹாட்யாய் போனவர் சி.பி.டி. எண்ணெய் வாங்கி வந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எல்லையில் மாட்டுவது அவர் மட்டும் இல்லை.

யாராவது வந்து ஹெம்ப் ஒப்பந்தம், ஏக்கருக்கு இவ்வளவு முன்பணம் கட்டு என்று கேட்டால், நாலு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். வாங்கும் நிறுவனம் எது, என்ன விலைக்கு? தண்டைப் பிரிக்கும் ஆலை எங்கே இருக்கிறது? பன்னிரண்டு மணி நேரப் பகலில் வளர்ந்ததாக நிரூபித்த ரகம் எது? அறுவடைப் பரிசோதனையில் டி.எச்.சி. 0.3ஐத் தாண்டிவிட்டால் பயிரை அழிக்கும் நட்டம் யார் தலையில்? அமெரிக்காவில் அப்படித் தாண்டிய பயிரை அழிக்கவோ சீர்செய்யவோ சொல்கிறார்கள், அறுவடைத் தாமதம் அந்த அளவை ஏற்றிவிடும். நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.